ஹவாய்க்கு மேட்ச் ஆடப் போய் போர்ல மாட்டிக்கிட்ட காலேஜ் டீம்: வில்லாமெட் 1941, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1941 டிசம்பர் 7 ஞாயிறு காலைல ஹவாய்ல இருந்த அமெரிக்க நேவி தளத்தை ஜப்பான் தாக்கின பேர்ல் ஹார்பர் தாக்குதல் பத்தி பேச்சு வரும்போதெல்லாம் யாராவது ஒருத்தர் "அப்ப அங்க ஒரு காலேஜ் ஃபுட்பால் டீம் மாட்டிக்கிச்சாமே, அது நிஜமா"ன்னு கேப்பாங்க. நிஜம்தான். எனக்கு ரொம்ப பிடிச்ச கதை இது, ஆனா எங்க பாத்தாலும் நாலு வரில முடிச்சுடறாங்க. அதனால கேள்வி கேள்வியா பிரிச்சு எழுதி வெச்சுடறேன்.

எந்த டீம் இது? எந்த ஊரு?

வில்லாமெட் யுனிவர்சிட்டி. அமெரிக்காவோட மேற்குக் கரைல ஓரிகன் மாநிலம் இருக்குல்ல, அதோட தலைநகர் பேரு சேலம், அங்கதான் இருக்கு. (ஆமா, நம்ம சேலம் பேரேதான், ஆனா ரெண்டுக்கும் சம்பந்தம் கிடையாது.) மெத்தடிஸ்ட் மிஷனரிங்க 1842ல ஆரம்பிச்சது, அந்தப் பக்கத்துல ரொம்பப் பழைய காலேஜ். பேருக்குத்தான் யுனிவர்சிட்டி, அப்பவும் சரி இப்பவும் சரி சின்ன இடம்தான். டீமுக்கு பேரு பேர்கேட்ஸ். கோச் ராய் கீன், எல்லாரும் ஸ்பெக் கீன்னு கூப்பிடுவாங்க, 1926லேர்ந்து அங்கேயே கோச்சா இருந்தவர்.

எனக்கு அமெரிக்கன் ஃபுட்பால் தெரியாது, கதை புரியுமா?

தாராளமா புரியும். கால்ல உதைக்கிற நம்ம ஃபுட்பால் இல்ல இது, ரெண்டு பக்கமும் கூர்மையா நீளமா இருக்கிற பந்தை கைல புடிச்சுக்கிட்டு ஓடி, எதிராளி கோட்டைத் தாண்டினா டச்டவுன், 6 பாயின்ட். அதுக்கப்புறம் ஒரு சின்ன சான்ஸ் கிடைக்கும், அதுல பந்தை உதைச்சு கம்பத்துக்கு நடுவுல அனுப்பினா இன்னும் 1. ஒரு பக்கம் 11 பேர். ஒரே ஒரு விஷயம் மனசுல வெச்சுக்கங்க: இன்னைக்கு மாதிரி தாக்குறதுக்கு ஒரு செட்டு, தடுக்கிறதுக்கு இன்னொரு செட்டுன்னு அப்ப கிடையாது, அதே பசங்கதான் ரெண்டும் ஆடணும். அதனாலதான் இருபத்தி சொச்சம் பேரை மட்டும் கப்பல்ல ஏத்திக்கிட்டுப் போயி மூணு வாரத்துக்கு மேட்ச் ஆட முடியும்னு கிளம்பினாங்க.

1941 சீசன் எப்படிப் போச்சு?

சூப்பரா போச்சு. மொத்தம் 8 ஜெயிச்சு 2 தோத்தாங்க, நார்த்வெஸ்ட் கான்ஃபரன்ஸ் சாம்பியன். ஓரிகன், வாஷிங்டன், ஐடஹோ பக்கத்து சின்னச் சின்ன காலேஜ்ங்க சேந்து ஆடுற லீக் அது. பெரிய யுனிவர்சிட்டி மேட்ச்னா நாடே ரேடியோ முன்னாடி உக்காரும், இவங்க மேட்ச்சுக்கு ஊர்க்காரங்க வருவாங்க, பக்கத்து ஊர்க்காரங்க வருவாங்க, அவ்ளோதான். அந்த 2 தோல்வில ஒண்ணுதான் நாம பேசப் போற மேட்ச்.

அப்படிப்பட்ட சின்ன காலேஜ் எதுக்கு ஹவாய் வரைக்கும் போச்சு?

ஹவாய்ல ஃபுட்பால் மேல பைத்தியமா இருந்தாங்க, ஆனா பக்கத்துல ஆடறதுக்கு வேற காலேஜ் டீம் கிடையாது, சுத்தியும் கடல்தானே. அதனால சீசன் முடியற நேரத்துல மெயின்லேண்ட்லேர்ந்து, அதாவது கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற அமெரிக்கப் பெருநிலத்துலேர்ந்து, டீம்களை வரவழைப்பாங்க. அந்த வருஷம் வில்லாமெட்டையும் கலிஃபோர்னியாலேர்ந்து சான் ஹோசே ஸ்டேட் டீமையும் கூப்பிட்டாங்க. பிளான் இதுதான்: டிசம்பர் 6 சனிக்கிழமை வில்லாமெட்டுக்கும் ஹவாய் யுனிவர்சிட்டிக்கும் மேட்ச், 13ந் தேதி ஹவாய்க்கும் சான் ஹோசேக்கும், 16ந் தேதி விருந்தாளி டீம் ரெண்டும் மோதணும். முதல் மேட்ச்சுக்கு ஷ்ரைன் பௌல்னு பேரு, ஷ்ரைனர்ஸ்ங்கிற சங்கத்துக்காக நடந்த மேட்ச். ஹவாய் அப்ப அமெரிக்காவோட ஒரு மாநிலம்கூட இல்ல, டெரிட்டரிதான், மாநிலம் ஆனது 1959ல.

ஓரிகன்ல டிசம்பர்னா மழையும் குளிரும்தான். அந்தப் பசங்கள்ல நிறைய பேர் அதுக்கு முன்னாடி கப்பல்லயே ஏறினது கிடையாது. சாம்பியன் ஆனதுக்கு பரிசா ஹவாய் ட்ரிப், கோச்சே கூட்டிட்டுப் போறாரு, எப்படி இருந்திருக்கும் யோசிச்சுப் பாருங்க.

எப்படிப் போனாங்க, கூட யார்லாம் போனாங்க?

நவம்பர் 27ந் தேதி சான் ஃபிரான்சிஸ்கோல லர்லைன் கப்பல் ஏறினாங்க. மாட்சன் கம்பெனியோட வெள்ளை வெளேர்னு இருக்கிற சொகுசுக் கப்பல், பணக்காரங்க ஹவாய்க்கு லீவுக்குப் போற கப்பல் அது. சான் ஹோசே டீமும் அதே கப்பல்தான். டிசம்பர் 3ந் தேதி ஹோனலூலு போய்ச் சேந்தாங்க. லர்லைன் இவங்களை இறக்கி விட்டுட்டு 5ந் தேதி திரும்பி கிளம்பிடுச்சு, குண்டு விழுந்தப்ப அது நடுக்கடல்ல இருந்துச்சு, 10ந் தேதி பத்திரமா சான் ஃபிரான்சிஸ்கோ போய் சேந்துடுச்சு.

டீம் மட்டும் போகல. காலேஜ் ஆளுங்க, ஊர்க்காரங்க, சில குடும்பங்கன்னு ஒரு கூட்டமே கூடப் போச்சு. அதுல முக்கியமானவர் டக்ளஸ் மெக்கே, அப்ப மாநில செனட்டர், முதல் உலகப் போர்ல போய் மோசமா காயம்பட்டு திரும்பி வந்தவர், மகளையும் கூட்டிட்டு வந்திருந்தார். இவரை ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி வருவார்.

தங்கினது வைக்கிக்கி பீச்ல மோவானா ஹோட்டல். 1901ல கட்டினது, நடு முத்தத்துல ஒரு பெரிய ஆலமரம், முன்னாடி இறங்கினா நேரா மணல்.

டிசம்பர் 6 மேட்ச் என்ன ஆச்சு?

தோத்துட்டாங்க. ஹவாய் 20, வில்லாமெட் 6. ஹோனலூலு ஸ்டேடியம்ங்கிற மரத்தாலான பழைய ஸ்டேடியத்துல இருபதாயிரம் பேருக்கு மேல பாத்தாங்க. சேலத்துல இந்தப் பசங்க அவ்ளோ கூட்டத்துக்கு முன்னாடி ஆடினதே கிடையாது. ஹவாய்க்கு கோச் டாமி கௌலுகுகுய், அந்தத் தீவுக்காரரே, அதே யுனிவர்சிட்டில ஸ்டாரா ஆடினவர், கோச்சா அவருக்கு அதுதான் முதல் வருஷம். வில்லாமெட் பசங்க அடிச்சது ஒரே ஒரு டச்டவுன், எக்ஸ்ட்ரா பாயின்ட்டும் கிடைக்கல.

அன்னைக்கு ராத்திரி அவங்களுக்கு இருந்த பெரிய கவலை இதுதான், சாம்பியன்னு சொல்லிட்டு வந்து இப்படித் தோத்துட்டோமே, 16ந் தேதி மேட்ச்லயாவது மானத்தைக் காப்பாத்தணுமேன்னு. எனக்கு இந்த இடம் வரும்போதெல்லாம் கொஞ்சம் மனசு அடைக்கும். அடுத்த நாள் காலைல என்ன நடக்கப் போகுதுன்னு நமக்குத் தெரியும், அவங்களுக்குத் தெரியாது.

ஞாயிறு காலைல அவங்க எங்க இருந்தாங்க?

ஹோட்டல்லதான். அன்னைக்கு தீவைச் சுத்திப் பாக்க பஸ் ஏற்பாடு பண்ணியிருந்தாங்க. சாப்பிட்டுட்டு சிலர் கீழ பஸ்ஸுக்கு காத்துட்டு இருந்தாங்க, சிலர் பீச் பக்கம் நின்னாங்க. கடல்ல தூரத்துல தண்ணி தூண் தூணா எழும்பி விழுந்துச்சு. திமிங்கலம்னு நினைச்சவங்க உண்டு. மேல விமானச் சத்தம், அந்தப் பக்கம் புகை. நேவி ஏதோ பயிற்சி பண்ணுதுன்னு நினைச்சுட்டு அப்படியே வேடிக்கை பாத்துட்டு நின்னாங்க, ஏன்னா அந்தத் தீவுல பயிற்சி சாதாரணமா நடக்கிற விஷயம். பஸ் வரவே இல்ல.

பேர்ல் ஹார்பர் அங்கேர்ந்து கிட்டத்தட்ட 10 மைல். 8 மணிக்குக் கொஞ்சம் முன்னாடி ஆரம்பிச்சது ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சுபோச்சு, ஜப்பானோட 350 விமானங்களுக்கு மேல ரெண்டு அலையா வந்துச்சு, அமெரிக்கத் தரப்புல செத்தவங்க 2,403 பேர், அதுல 1,177 பேர் அரிசோனாங்கிற ஒரே கப்பல்ல. ஹோனலூலு ஊருக்குள்ளயும் அங்கங்க வெடிச்சு வீடு கடைலாம் எரிஞ்சது, ஆனா அதுல பெரும்பாலும் ஜப்பான் குண்டு இல்ல, விமானத்தை சுடறதுக்கு அமெரிக்கப் படை மேல விட்ட பீரங்கி ஷெல்லுங்க மேல வெடிக்காம ஊர் மேலயே வந்து விழுந்தது.

அப்ப மத்த ரெண்டு மேட்ச்?

நடக்கவே இல்ல. அன்னைக்கே கவர்னர் பாயின்டெக்ஸ்டர் ராணுவச் சட்டம் போட்டுட்டார், அது 1944 அக்டோபர் வரைக்கும் ஹவாய்ல இருந்துச்சு. ராத்திரி வெளிச்சம் தெரியக்கூடாது, இருட்டினா ரோட்ல நடக்கக்கூடாது. கப்பல் போக்குவரத்து மொத்தமும் ராணுவத்து கைக்குப் போயிடுச்சு, திரும்பிப் போக வழியும் இல்ல. சான் ஹோசே டீம் அவ்ளோ தூரம் வந்துட்டு ஒரு மேட்ச்கூட ஆடாமயே போச்சு.

பசங்க கைல துப்பாக்கி குடுத்தாங்கன்னு சொல்றாங்களே?

குடுத்தாங்க. ஜப்பான் படை கரை இறங்கப் போகுதுன்னு அந்தத் தீவே நம்பின நேரம் அது, ஆளு பத்தல. இருபது வயசு, உடம்பு நல்லா இருக்கு, சொன்னா கேக்கிற பழக்கம் இருக்கு, ஒண்ணா வேலை செய்யத் தெரியும், இப்படி ஒரு கூட்டம் ஹோட்டல்ல சும்மா உக்காந்திருக்கு. கோச் கீன் என் பசங்களை எடுத்துக்கங்கன்னு சொன்னார்.

முதல் வேலை பீச்ல முள்வேலி கட்டறது. ரெண்டு நாள் முன்னாடி வரைக்கும் எந்த மணல்ல டவல் விரிச்சு படுத்தாங்களோ, எந்தத் தண்ணில முதல் முறையா குளிச்சு குதிச்சாங்களோ, அதே வைக்கிக்கில கம்பிச் சுருளை இழுத்து விரிச்சுட்டுப் போனாங்க. போர்னா என்னன்னு பக்கம் பக்கமா படிச்சாலும் எனக்கு அந்தக் காட்சிதான் நிக்குது.

அப்புறம் ஸ்ப்ரிங்ஃபீல்ட் ரைஃபிள் குடுத்தாங்க, முதல் உலகப் போர் காலத்து சரக்கு, முனைல பேயனெட் வேற. சில பசங்க கிராமத்துல வேட்டைக்குப் போய் பழகினவங்க, சிலர் துப்பாக்கியைத் தொட்டதே கிடையாது. பயிற்சின்னு பெருசா ஒண்ணும் இல்ல.

எங்க காவல் நின்னாங்க?

புனாஹௌ ஸ்கூல்ல. மிஷனரிங்க 1841ல ஆரம்பிச்ச பள்ளிக்கூடம், பராக் ஒபாமா பிற்காலத்துல படிச்சாரே அதேதான். தாக்குதல் நடந்த மறுநாள் விடியறதுக்கு முன்னாடியே ராணுவத்தோட இன்ஜினியர் பிரிவு வந்து மொத்த வளாகத்தையும் எடுத்துக்கிட்டாங்க, அதுக்கப்புறம் அது ராணுவ ஆபீஸ், ஸ்டோர் எல்லாம். அந்த வளாகத்தை ராத்திரி பகலா முறை வெச்சு காவல் காத்தது வில்லாமெட் டீம். பத்து நாளைக்கு மேல இதுதான் வாழ்க்கை.

கும்மிருட்டு, ஊர்ல ஒரு விளக்கு கிடையாது, புது இடம், மரத்துலேர்ந்து ஏதாவது விழுந்தாக்கூட யாரோ வர்ற மாதிரி கேக்கும். எதிரி ஏற்கனவே இறங்கிட்டான்னு மணிக்கு ஒரு வதந்தி வேற. அந்த நிலைல இருபது வயசுப் பையன் கைல குண்டு போட்ட துப்பாக்கி. எதிரியைவிட பக்கத்து ஆளோட பயம்தான் ஆபத்தா இருந்திருக்கும்னு எனக்குத் தோணுது.

சான் ஹோசே பசங்க என்ன பண்ணாங்க?

அவங்க போலீஸ் பக்கம் போனாங்க. சான் ஹோசே ஸ்டேட்ல 1930லயே போலீஸ் படிப்புன்னு தனியா ஒரு ஸ்கூல் இருந்துச்சு. ஹோனலூலு போலீஸோட சேந்து ரோந்து போறது, விளக்கு எரியற வீட்டுக் கதவைத் தட்டி அணைக்கச் சொல்றது, ஊரடங்கைப் பாத்துக்கறதுன்னு வேலை செஞ்சாங்க. அதுல சிலர் திரும்பி வராம அங்கேயே போலீஸ் வேலைல சேந்துட்டாங்க.

கூட வந்த பெண்கள்?

இதை யாரும் கேக்கறதே இல்ல, அதனால நானே கேள்வியா போட்டுட்டேன். டீமோட வந்த அம்மாக்கள், மனைவிங்க, மாணவிங்கன்னு இருந்தவங்க ஆஸ்பத்திரிக்குப் போயி உதவி பண்ணாங்க. எண்ணெய் தீப்பிடிச்ச கடல்ல நீந்தி வந்தவங்க, உடம்பு பூரா தீப்புண்ணோட கிடந்தவங்க, இவங்களைத் துடைச்சு விடறது, தண்ணி குடுக்கறது, அவங்க சொல்லச் சொல்ல வீட்டுக்கு லெட்டர் எழுதறது மாதிரி வேலைங்க. போட்டோல டீம் நிக்கும், தலைப்புல டீம் பேரு வரும், இவங்க பேரு வராது. நர்ஸ் படிப்பு படிக்காம, டூர் வந்த டிரஸ்ஸோட போய் அந்த வார்டுல நின்னது லேசான விஷயம் இல்ல.

சேலத்துல வீட்ல இருந்தவங்களுக்குத் தகவல் கிடைச்சுதா?

உடனே கிடைக்கல. போன், தந்தி எல்லாம் ராணுவத் தணிக்கைக்குள்ள போயிடுச்சு. பேப்பர்ல ஹவாய் மேல குண்டுன்னு தலைப்புச் செய்தி, அதே பேப்பர்ல ஸ்போர்ட்ஸ் பக்கத்துல 20க்கு 6ன்னு ஸ்கோர், பையன் உயிரோட இருக்கானான்னு மட்டும் எதுலயும் இல்ல. நல்லா இருக்கோம்னு சேதி வந்து சேரற வரைக்கும் அந்த வீடுங்க எப்படி இருந்திருக்கும்.

எப்படித்தான் திரும்பி வந்தாங்க?

இந்தக் கதைலயே எனக்கு முக்கியமான பகுதி இதுதான், துப்பாக்கி பிடிச்சு நின்னதைவிட.

பிரசிடென்ட் கூலிட்ஜ்னு ஒரு கப்பல், 1931ல கட்டின பயணிகள் கப்பல், சான் ஃபிரான்சிஸ்கோ போகப் போகுது. அதுல மோசமா காயம்பட்டவங்களை மெயின்லேண்ட் ஆஸ்பத்திரிக்கு அனுப்பறாங்க, 125 பேர். ஆனா பாத்துக்க நேவி நர்ஸ் மூணே பேர், கூட ஹோனலூலு ஆஸ்பத்திரிலேர்ந்து தானா முன்வந்த சில நர்ஸுங்க. கீன் போய்ப் பேசினார். எங்களுக்கு இடம் குடுங்க, வழி பூரா காயம்பட்டவங்களை என் பசங்க பாத்துக்குவாங்கன்னு. சரின்னுட்டாங்க. அந்த சீசன்ல அவர் எடுத்த முடிவுலயே இதுதான் பெஸ்ட்னு நான் சொல்வேன், பசங்களை வீட்டுக்குக் கொண்டு போகணும், அதே சமயம் யாரோட இடத்தையும் பிடுங்கிக்கிட்டுப் போகக் கூடாது, ரெண்டுக்கும் ஒரே வழியா கண்டுபிடிச்சார்.

டிசம்பர் 19 கிளம்பினாங்க, கிளம்பப் போறோம்னு தெரிஞ்சதே கடைசி நேரத்துலதான், கப்பல் கிளம்பற நேரம் எல்லாம் அப்ப ரகசியம். கப்பல் ஏற்கனவே ரொம்பி வழிஞ்சது, இவங்களுக்குக் கீழ்த்தட்டுலதான் இடம்.

பசங்களுக்கு வேலை என்னன்னா, காயம்பட்டவங்களுக்கு சாப்பாடு ஊட்டணும், புரட்டிப் படுக்க வைக்கணும், டாய்லெட்டுக்குத் தூக்கிட்டுப் போகணும், இதுக்கெல்லாம் மேல ஒண்ணு: டார்பிடோ அடிச்சு கப்பல் முழுகிற நிலை வந்தா, நடக்க முடியாதவங்களைத் தூக்கிக்கிட்டு லைஃப்போட்டுக்கு ஓடணும். ரெண்டு வாரம் முன்னாடி சனிக்கிழமை வரைக்கும் பந்தைத் தூக்கிட்டு ஓடிட்டு இருந்தவங்க. காயம்பட்டவங்களும் அதே வயசுப் பசங்கதான், பத்தொம்பது இருபது. அந்த மூஞ்சிகளைப் பக்கத்துல உக்காந்து பாத்தாங்க, தீப்புண் நாத்தம், ராத்திரி முனகல் எல்லாத்தோடயும் ஆறு நாள்.

டார்பிடோ பயம் வெறும் பயம் இல்ல. அதே வாரத்துல ஜப்பான் நீர்மூழ்கிங்க கலிஃபோர்னியா கரையோரமாவே சுத்திட்டு இருந்துச்சு, டிசம்பர் 23ந் தேதி மான்டெபெல்லோங்கிற எண்ணெய்க் கப்பலை முழுகடிச்சாங்க. அதனால கூலிட்ஜ் கூட்டமா, போர்க்கப்பல் பாதுகாப்போட, நேரா போகாம வளைஞ்சு வளைஞ்சு, ராத்திரி ஒரு விளக்குகூட இல்லாம போச்சு.

டிசம்பர் 25 காலைல சான் ஃபிரான்சிஸ்கோ. கிறிஸ்துமஸ் அன்னைக்கு. ஹவாய்க்குப் போட்டுட்டுப் போன மெல்லிசு டிரஸ், நல்ல குளிர், ஆனா கரை.

இவங்களை ஹீரோன்னு சொல்லலாமா?

அவங்க குண்டு போடல, எதிரியைப் பாக்கக்கூட இல்ல. சில இடத்துல இந்தக் கதையை "ஃபுட்பால் டீம் போர்ல சண்டை போட்டுச்சு"ங்கிற மாதிரி எழுதறாங்க, அது தப்பு. காவல் காத்தாங்க, வேலி கட்டினாங்க, ஒருத்தனுக்கு ஸ்பூன்ல சூப் ஊட்டினாங்க. ஜெயிக்கலாம்னு போய் தோத்து, ஊர் சுத்தலாம்னு நின்ன காலைல இப்படி ஒண்ணு வந்து விழுந்தப்ப கோச் கூப்பிட்ட உடனே வந்து நின்னாங்கல்ல, எனக்கு அதுவே போதும். அதுக்கு மேல ஜோடிக்க வேண்டியதில்ல.

ஜெயிச்ச ஹவாய் டீம், அந்த யுனிவர்சிட்டி என்ன ஆச்சு?

இந்தப் பக்கத்தையும் சேத்து சொல்லலைன்னா கதை பாதிதான். ஹவாய் யுனிவர்சிட்டில ஃபுட்பால் 1942லேர்ந்து 1945 வரைக்கும் நின்னுபோச்சு. அங்க ராணுவப் பயிற்சி எடுத்துட்டு இருந்த மாணவர்களை அந்த ஞாயித்துக்கிழமையே கூப்பிட்டாங்க. ஜப்பான் பாராசூட் வீரர்கள் செயின்ட் லூயிஸ் ஹைட்ஸ் குன்றுல இறங்கிட்டாங்கன்னு ஒரு செய்தி, பசங்க துப்பாக்கியோட ஓடிப் போய் நின்னாங்க, அப்படி யாரும் இறங்கல. அன்னைக்கே அவங்களை ஹவாய் டெரிட்டோரியல் கார்டுன்னு ஒரு படையா மாத்தினாங்க. அதுல நிறைய பேர் நிசேய், அதாவது ஜப்பான்லேர்ந்து வந்து குடியேறினவங்களுக்கு அமெரிக்க மண்ணுல பொறந்த பிள்ளைங்க.

ஆறு வாரம் தண்ணி டேங்க், பவர் ஹவுஸ்னு எல்லாத்தையும் காவல் காத்தாங்க. 1942 ஜனவரில அந்த நிசேய் பசங்களை மட்டும் எழுப்பி, நீங்க வேண்டாம், வீட்டுக்குப் போங்கன்னு அனுப்பிட்டாங்க. காரணம் அவங்க முகம். இதைப் படிக்கும்போது எனக்கு இன்னமும் வயிறு எரியும். வில்லாமெட் பசங்க ஊருக்குப் புதுசு, பயிற்சி இல்ல, ஆனா அவங்களைக் கேள்வி கேக்காம துப்பாக்கி குடுத்தாங்க. அந்த ஊர்லயே பொறந்து, யூனிஃபார்ம் போட்டு பயிற்சி எடுத்தவனை நம்பல.

அந்தப் பசங்க ராணுவ கவர்னருக்கு மனு எழுதினாங்க, எங்களை எந்த வேலைக்கு வேணா வெச்சுக்கங்கன்னு. 169 பேர், வார்சிட்டி விக்டரி வாலன்டியர்ஸ்னு பேரு. ஒரு வருஷம் கல் உடைச்சு, ரோடு போட்டு, கொட்டகை கட்டினாங்க. 1943ல நிசேய்களுக்குன்னு தனியா 442வது ரெஜிமென்ட் ஆரம்பிச்சப்ப அதுல நிறைய பேர் போய் சேந்தாங்க. இத்தாலிலயும் பிரான்ஸ்லயும் சண்டை போட்ட படை அது, அதோட அளவுக்கு அமெரிக்க ராணுவத்துலயே அதிக விருது வாங்கினது.

திரும்பி வந்த வில்லாமெட் பசங்க மறுபடி ஆடினாங்களா?

அந்த டீம் அப்படியே மறுபடி சேரல, பெரும்பாலானவங்க அடுத்தடுத்து ராணுவம், நேவின்னு போயிட்டாங்க. கீன் 1942 சீசனோட கோச் வேலையை முடிச்சுக்கிட்டார்.

போர்க்காலத்துல சின்ன காலேஜ் டீம்லாம் எப்படி சமாளிச்சுச்சு?

நிறைய காலேஜ் ஃபுட்பாலையே நிறுத்திடுச்சு, ஆடற வயசுப் பசங்க எல்லாம் போர்ல. பஸ்ஸுக்கு பெட்ரோல் ரேஷன், டயர் ரேஷன், வெளியூர் மேட்ச்சுக்குப் போறதே கஷ்டம். ஆனா ஒரு விசித்திரம் நடந்துச்சு. 1943 ஜூலைல நேவி வி-12ன்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சு, ஆஃபீசர் ஆகப் போற பசங்களை 131 காலேஜ்கள்ல படிக்க வெச்சாங்க, வில்லாமெட்டும் அதுல ஒண்ணு. நேவி அந்தப் பசங்களை காலேஜ் டீம்ல ஆட விட்டுச்சு, ராணுவமோ தன்னோட ட்ரெயினிங் பசங்களை விடல. அதனால நேவி பசங்க வந்த சின்ன காலேஜ்களுக்கு வேற பெரிய காலேஜ்ல ஆடின ஸ்டாருங்க சும்மா வந்து விழுந்தாங்க. கலிஃபோர்னியால காலேஜ் ஆஃப் த பசிஃபிக் அந்த வருஷம் தேசிய ரேங்கிங்லயே வந்துச்சு, கோச் அமோஸ் அலோன்சோ ஸ்டாக், வயசு 81, அந்த வருஷத்தோட சிறந்த கோச்னு அவரைத் தேர்ந்தெடுத்தாங்க.

ரோஸ் பௌல் இடம் மாறினதும் இதே சமயமா?

ரோஸ் பௌல்னா புத்தாண்டு சமயத்துல கலிஃபோர்னியால நடக்கிற பெரிய காலேஜ் ஃபுட்பால் மேட்ச். அதே சமயம்தான், அதுவும் இவங்க பக்கத்து ஊர் டீம். சேலத்துக்குப் பக்கத்துல கோர்வாலிஸ்ல இருக்கிற ஓரிகன் ஸ்டேட் 1942 ஜனவரி 1 கலிஃபோர்னியால ரோஸ் பௌல் ஆட வேண்டியது. மேற்குக் கரைல கூட்டம் சேந்தா ஆபத்துன்னு மேட்ச்சை நாட்டோட அந்தக் கோடில நார்த் கரோலினா டர்ஹாம்ல வெச்சாங்க. டியூக் யுனிவர்சிட்டியை அவங்க ஊர்லயே 20க்கு 16ன்னு ஜெயிச்சாங்க.

கோச்சும் மத்தவங்களும் பின்னாடி என்ன ஆனாங்க?

கீன் 1947லேர்ந்து 1964 வரைக்கும் அதே ஓரிகன் ஸ்டேட்டோட அத்லெடிக் டைரக்டர். மெக்கே ஓரிகன் கவர்னர் ஆனார், அப்புறம் அமெரிக்க அதிபர் ஐசனோவர் மந்திரிசபைல உள்துறைச் செயலாளர் 1953லேர்ந்து 1956 வரை. அந்த 1941 டீம்ல ஆடின டெட் ஆக்டால் 1952ல வில்லாமெட்டுக்கே கோச்சா வந்து இருபது சீசன் இருந்தார், இன்னைக்கு காலேஜ் மைதானத்துக்கு அவர் பேருதான். 1997ல அந்த 1941 டீமை மொத்தமா வில்லாமெட்டோட ஹால் ஆஃப் ஃபேம்ல சேத்தாங்க. அப்ப இருந்த ஆட்டக்காரங்க எல்லாம் எழுபது தாண்டினவங்க.

அந்த இடமெல்லாம் இப்ப இருக்கா?

மோவானா ஹோட்டல் இருக்கு, ஆலமரமும் இருக்கு, வைக்கிக்கி போனா பாக்கலாம். புனாஹௌ இன்னைக்கும் ஸ்கூல்தான். 20க்கு 6 ஆடின ஸ்டேடியத்தை 1976ல இடிச்சுட்டாங்க, அந்த இடம் இப்ப பார்க்.

கூலிட்ஜ் கப்பல் கடலுக்கடில இருக்கு. அவங்களைக் கொண்டு வந்து விட்டு ஒரு வருஷம்கூட ஆகல, 1942 அக்டோபர் 26ந் தேதி ஐயாயிரம் பேருக்கு மேல ஏத்திக்கிட்டு பசிபிக்ல எஸ்பிரிட்டு சான்டோ தீவுத் துறைமுகத்துக்குள்ள நுழையும்போது அமெரிக்காவே வெச்ச கண்ணிவெடில மோதிடுச்சு. கேப்டன் கரையோரமா கொண்டு போய் தரை தட்ட விட்டதால ரெண்டு பேரைத் தவிர எல்லாரும் இறங்கித் தப்பிச்சாங்க, அதுக்கப்புறம்தான் கப்பல் சாஞ்சு முழுகுச்சு. அந்தத் தீவு இப்ப வனுவாட்டு நாட்டுல இருக்கு. கரைலேர்ந்தே நீந்திப் போய் முங்கிப் பாக்கலாம், டைவிங் பண்றவங்க உலகம் பூராவும் இருந்து வர்றாங்க, உள்ள துப்பாக்கி, ஹெல்மெட், ஜீப் எல்லாம் இன்னும் கிடக்கு.